இருபத்திரண்டாவது ஸ்டிக்கர்

பதினாலாயிரத்து முன்னூற்று ஐம்பது.

பூங்கா அலுவலகத்தின் தடித்த நோட்டில், பந்திச் சாப்பாடு போட்டுப் பிழைக்கிற ஒரு குடும்பத்தின் பக்கத்து அடியில், சிவப்பு மையில் எழுதியிருந்த தொகை அது. போன கோடையில் எழுதியது. இன்னும் கட்டவில்லை.

போன கோடையில் நடந்தது அந்த ஊரில் யாருக்கும் மறந்திருக்காது. இதே புல்வெளியில் நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு போட்டார்கள். மெழுகு பூசிய காகிதத் தட்டு, பிளாஸ்டிக் கரண்டி, ஆளுக்கு இரண்டு குட்டித் தண்ணீர் பாட்டில். பந்தி முடிகிற நேரத்தில் ஒரு காற்று அடித்தது. அவ்வளவுதான். தட்டெல்லாம் எழுந்து பறந்து குளத்தில் போய் உட்கார்ந்தது. மூன்று ஆட்கள் இரண்டு நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பொறுக்கினார்கள். அவர்கள் கூலியும் தண்டமும் சேர்ந்துதான் அந்தச் சிவப்பு எண்.

பூங்காவில் பந்தி போடுகிற உரிமம் மகன் பெயரில் இருந்தது. "உன் குப்பையை இன்னும் எத்தனை நாள்டா நான் சுமக்கணும்?" என்று நாலு பேர் பார்க்க அப்பா கேட்டார். மகன் மறுவாரமே வெளியூரில் ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு மூட்டை ஏற்றுகிற வேலைக்குப் போய்விட்டான். பெண்டாட்டியோடு பேசுகிறான், தங்கையோடு பேசுகிறான். அப்பாவோடு மட்டும் பத்து மாதமாக ஒரு வார்த்தை இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பஸ் டிப்போ ஆட்கள் நூற்றிருபது பேருக்கு மதியச் சாப்பாடு. அதே புல்வெளி.

இடம் லேசில் கிடைக்கவில்லை. மருமகள் அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்திருக்கிறாள். பூங்கா வாசலில் ஒரு தராசு உண்டு. வெளியே போகிற குப்பையெல்லாம் அதில் ஏறித்தான் போக வேண்டும். அதை எழுதுகிற எடைக்காரம்மாதான் ஏழாவது தடவை நிபந்தனை சொன்னார்.

"நூத்திருபது பேருக்கு அஞ்சு கிலோ. அதுக்குள்ள குப்பை நின்னுச்சுன்னா பழைய தண்டம் தள்ளுபடி. மேலே கையெழுத்து வாங்கி வெச்சுட்டேன். அஞ்சுக்கு மேல ஒரு கிராம் போனாலும் முழுசாக் கட்டணும். உரிமமும் போயிடும்."

"மக்கிப் போற தட்டுன்னு விக்கிறாங்களே மேடம், அதை வாங்கினா?"

"அது மக்குறப்போ மக்கட்டும்மா. என் தராசுல எடை எடைதான்."

வீடு வந்து சேர்வதற்குள் மருமகள் முடிவு பண்ணிவிட்டாள். தூக்கிப் போடுகிற பொருள் ஒன்றுகூட வண்டியில் ஏறக் கூடாது.

அப்படித்தான் காலை பத்து மணிக்கு அந்த வேன் வந்து நின்றது. புல்வெளியில் அடுப்பு கிடையாது, கரி கிடையாது, புகை கிடையாது. விடியற்காலையிலேயே வீட்டில் பொங்கி இறக்கி, அண்டாக்களைக் கம்பளியில் சுற்றி மரப்பெட்டிக்குள் இறக்கியிருந்தாள். மூடியைத் திறந்தால் ஆவி இன்னும் முகத்தில் அடித்தது.

கம்பளி நாத்தனார் கொண்டு வந்தது. அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கிழிந்த படுக்கை விரிப்புகளைச் சொல்லி வாங்கி வந்து, வெட்டி, ஓரம் அடித்து, நூற்றிருபது கைத்துணி பண்ணியிருந்தாள். தட்டும் அவள் ஏற்பாடுதான்.

"அண்ணி, எவர்சில்வர் தட்டு நூத்தி முப்பது. எண்ணிட்டேன்."

"ஆஸ்பத்திரியில கழிச்சு விட்டதுன்னு சொன்னே? முகம் பாத்துப் பவுடர் போடலாம் போலிருக்கு."

"அங்கே அப்படித்தான் அண்ணி. ஒரு கீறல் விழுந்தாக் கழிச்சிடுவாங்க. சும்மாவே குடுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு நாத்தனார் துணி மூட்டையை அவிழ்க்கக் குனிந்தாள்.

மாமனார் தண்ணீர் வேலையைப் பார்த்துக்கொண்டார். நாற்பது வருடம் குழாய் வேலை செய்தவர். முழங்கால் இரண்டும் தேய்ந்து போனாலும் கை தேயவில்லை. மரத்தடியில் மூன்று தொட்டி வரிசையாக வைத்தார். கழுவின தண்ணீர் சல்லடையில் வடிந்து மரத்தின் வேருக்கே போகிற மாதிரி குழாய் இழுத்தார். இரண்டு நீல டிரம் நிறுத்தினார். ஒன்று குடிக்க, ஒன்று கழுவ. இரண்டும் அச்சு அசலாக ஒன்று போலவே இருந்தன.

"எதுல குடிக்கிறதுன்னு முழிக்கப் போறாங்கப்பா" என்றாள் நாத்தனார்.

"குழாய்க்காரன் போட்ட லைன்ல எவன்டி முழிச்சான்?" என்று வேன் பக்கம் போய் வந்து, குடிதண்ணீர்க் குழாயின் தலையில் சிவப்புப் பொட்டு ஒன்றை அழுத்தி ஒட்டினார். "பொட்டு வெச்சது குடிக்க. மொட்டை கழுவ. புரிஞ்சுதா?"

வேனுக்குள் தார்ப்பாயால் மூடி எதையோ வைத்திருந்தார். மருமகள் எட்டிப் பார்க்கப் போனபோது, "அது என் சமாசாரம்மா. நீ உன் அண்டாவைப் பாரு" என்று விரட்டினார்.

பன்னிரண்டரைக்குப் பந்தி.

கண்டக்டர்களும் டிரைவர்களும் வந்து உட்கார்ந்தால் சத்தத்துக்குக் கேட்கவா வேண்டும்? தட்டைக் கையில் வாங்கின ஒரு டிரைவர் அதை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "தட்டே இந்தக் கனம் இருக்கே தாயி, சோத்தைக் குறைச்சிடாதீங்க."

சாப்பிட்டவர் தட்டைச் சாப்பிட்டவரே கழுவ வேண்டும். நாத்தனார் இடுப்பில் கைவைத்து நின்று வார்டு நர்ஸ் மாதிரி உத்தரவு போட்டாள். "முதல் தொட்டியில வழிச்சுப் போடுங்க. ரெண்டாவதுல தேய்ங்க. மூணாவதுல அலசுங்க. அண்ணே, நீங்க தேய்க்கிறது தட்டு, புள்ளை முதுகு இல்ல. அழுத்தித் தேய்ங்க!"

வரிசை நீண்டது. பின்னாலிருந்து ஒரு கண்டக்டர் பழக்கதோஷத்தில், "முன்னால ஏறிப் போங்க, ஏறிப் போங்க, உள்ளே இடம் இருக்கு!" என்று கத்தினார். புல்வெளியே சிரித்தது.

தட்டுகள் வெயிலில் சாய்ந்து காய்ந்தன. காற்று வந்தது. ஒன்றும் பறக்கவில்லை.

மருமகள் எச்சில் வாளியைத் தூக்கிப் பார்த்தாள். அரிசி மூட்டை தூக்கிப் பழகின கைக்கு எடை தெரியும். நாலு, நாலேகால். அவளுக்குக் காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போயிற்று.

அப்போதுதான் மாமனார் தார்ப்பாயை விலக்கினார். உள்ளே தர்பூசணி. ஒவ்வொன்றும் குடம் மாதிரி.

"இருபத்திரண்டு! என் கைக்காசு. வெயில்ல கூப்பிட்டு உக்கார வெச்சு வெறும் வாயோட அனுப்பறதா?"

மருமகளுக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. "தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம். கையிலேயே குடுத்துடலாம். நல்ல வேலை பண்ணினீங்க மாமா" என்றாள். நாத்தனார் வெட்ட வெட்ட, நூற்றிருபது பேரும் சாறு முழங்கையில் வழிய நின்றுகொண்டே தின்றார்கள்.

மூன்று மணிக்குக் காலித் தொட்டியில் தோல் குவிந்து கிடந்தது. மருமகள் ஒரு பக்கக் காதைப் பிடித்துத் தூக்கினாள். தொட்டி அசையவில்லை.

மறுபடியும் தூக்கினாள். அசையவில்லை.

பத்து மாதமாகத் தட்டைப் பற்றி யோசித்தார்கள். கரண்டியைப் பற்றி, பாட்டிலைப் பற்றி, காற்றைப் பற்றி யோசித்தார்கள். பழத்துக்குத் தோல் இருக்கும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நாப்பது கிலோ இருக்கும்" என்றாள்.

மாமனார் அப்படியே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ. என் கையாலயே கெடுத்துட்டேனேம்மா."

"வெட்டினது நான்தானேப்பா" என்றாள் நாத்தனார். "அண்ணி, மூட்டையா கட்டி வண்டியில போட்டுட்டா?"

"வாசலைத் தாண்டினா எடை." மருமகள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வாசலைத் தாண்டாம இருக்க வழி பாக்கணும். மாமா, எந்திரிங்க. அழறதுன்னா அஞ்சு மணிக்கு மேல அழலாம்."

வேலிக்குப் பின்னால், பூங்காவுக்குள்ளேயே தோட்டக்காரரின் கொட்டகை. பக்கத்தில் உரக்குழி. அவர் எடுத்துக்கொண்டால் தோல் குப்பை இல்லை, உரம். எடைக்காரம்மாவிடம் கேட்டாள். "அவர் வாங்கினா எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா உங்க வீட்டுப் பொருளை அவர் வாங்குவாருன்னு எனக்குத் தோணல" என்றார்.

ஏன் என்று கொட்டகைச் சுவர் சொன்னது. ஒரு நீளக் கம்பியில் வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டிகளை மாலை மாதிரி கோத்துத் தொங்கவிட்டிருந்தார் தோட்டக்காரர்.

"நூத்திப் பத்து" என்றார். "போன வருஷம் உங்க வீட்டுக்காரரு மிச்சம் மீதியை என் குழியில கொட்டிட்டுப் போனாரு. மூணு வாரம் சலிச்சேன். அதுக்கப்புறமும் ரோஜாச் செடிக்கடியில ஒண்ணு முளைச்சுது."

"இது வெறும் தோல்தான் ஐயா."

"வெறும் தோலா? பழக்கடையில ஒவ்வொரு பழத்துலயும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான். சிவப்பா, வட்டமா. பாத்தாக் காகிதம் மாதிரி இருக்கும். நூறு வருஷம் ஆனாலும் மண்ணுல கரையாது. எத்தனை பழம்?"

"இருபத்திரண்டு."

"இருபத்திரண்டு ஸ்டிக்கரை எண்ணி என் கையில வைங்க. அப்புறம் தோலைக் கொண்டாங்க. ஒண்ணு குறைஞ்சாலும் வாங்க மாட்டேன். அஞ்சு மணிக்குக் கொட்டகையைப் பூட்டிடுவேன்."

மணி மூன்றரை.

நாத்தனார் பெரிய விரிப்பு ஒன்றைப் புல்லில் விரித்தாள். தோலையெல்லாம் அதில் கவிழ்த்தார்கள். ஆயிரம் துண்டுக்குக் குறையாது. மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்தார்கள். துண்டை எடு, திருப்பு, தடவு, அந்தப் பக்கம் போடு. எடு, திருப்பு, தடவு, போடு. வெயில் பிடரியில் நின்றது. ஈ மொய்த்தது. ஒட்டுகிற சாற்றில் விரலோடு விரல் சேர்ந்துகொண்டது.

கிளம்பிக்கொண்டிருந்த கண்டக்டர்கள் பார்த்தார்கள். விஷயம் என்ன என்று கேட்டார்கள். ஆறு பேர் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். டிக்கெட் கிழித்துப் பழகின விரல் வேகமாக ஓடியது. கிடைத்த ஸ்டிக்கரை மருமகள் ஒரு தட்டின் முதுகில் வரிசையாக ஒட்டிக்கொண்டே வந்தாள். கத்தி பட்டு இரண்டான ஒன்று இரண்டு மூலையிலிருந்து வந்து சேர்ந்தது.

நாலே காலுக்கு விரிப்பில் துண்டு தீர்ந்தது.

"இருபத்தொண்ணு" என்றாள் மருமகள்.

ஒரு கண்டக்டர் தலையைச் சொறிந்தார். "இருபத்திரண்டு பயணி, இருபத்தோரு டிக்கெட். ஒருத்தர் டிக்கெட் எடுக்காம ஏறியிருக்காரு. செக்கிங் போடுங்க."

செக்கிங் போட்டார்கள். முழுக் குவியலையும் மறுபடியும், ஒவ்வொரு துண்டாக. நாலு நாற்பது ஆயிற்று. இருபத்தொன்றுதான்.

"ஒரு பழத்துல ஒட்டவே இல்லையோ என்னவோ" என்றார் மாமனார்.

"அதை அவர் ஒத்துக்க மாட்டார் மாமா."

நாத்தனார் அண்ணியின் காதோடு வந்தாள். "முழுசா இருக்கறதுல ஒண்ணை ரெண்டாக் கிழிச்சு, ஒவ்வொரு பாதியையும் தனி ஸ்டிக்கர் மாதிரி ஒட்டினா இருபத்திரண்டு வந்துடும் அண்ணி. அவர் கண்ணாடிகூடப் போடல."

மருமகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "போன வருஷம் உங்க அண்ணன் என்ன சொன்னாரு? 'எல்லாம் பொறுக்கியாச்சு'ன்னாரு. கையெழுத்தும் போட்டாரு. அந்தப் பொய்தான் அந்தக் கம்பியில தொங்குது. நான் இன்னொரு கரண்டி கோத்துக் குடுக்க மாட்டேன்."

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி சொன்னதுக்கு வேண்டியதைவிட அதிகமாகவே குனிந்துகொண்ட மாதிரி இருந்தது.

மருமகள் எழுந்து நின்றாள். இடுப்பு விண்ணென்று தெறித்தது. கண்ணை மூடி யோசித்தாள். ரெண்டு தடவை பார்த்தாயிற்று. ஒன்பது பேர் பார்த்தாயிற்று. ஆக, தோலில் இல்லை. தோலில் இல்லையென்றால் வெட்டுகிறதுக்கு முன்னாலேயே யாரோ எடுத்திருக்க வேண்டும். வெட்டுகிறதுக்கு முன்னால் பழத்துக்குப் பக்கத்தில் போனது ஒரே ஆள்.

"மாமா. காலையில தார்ப்பாய்க்குள்ள கை விட்டீங்களா?"

"நானா? எதுக்கு விடறேன்? டிரம்மை நிறுத்தினேன். லைன் இழுத்தேன். அப்புறம் அடையாளத்துக்கு..."

அவர் மரத்தடிப் பக்கம் திரும்பினார்.

எல்லோர் தலையும் மரத்தடிக்குத் திரும்பியது. குடிதண்ணீர்க் குழாயின் தலையில், நூற்றிருபது பேர் நாள் முழுக்கத் தொட்டுத் திறந்து மூடின இடத்தில், சிவப்பாக, வட்டமாக, ஓரம் மட்டும் கொஞ்சம் கிளம்பி அது உட்கார்ந்திருந்தது.

"பெயின்ட் கொண்டுவர மறந்துட்டேன்மா" என்றார் மாமனார் பரிதாபமாக. "கைக்கு அது கிடைச்சுது. அடையாளம் வெக்காம ஒரு குழாயை விட முடியல. வெச்ச கை மறந்தும் போச்சு."

"நாப்பது வருஷ சர்வீஸ்!" என்று கண்டக்டர் கைகொட்டினார்.

மருமகள் சிரிக்க நேரமில்லாமல் ஓடினாள். நகத்தால் நெம்பி எடுத்து, தட்டின் முதுகில் கடைசியாக ஒட்டி, தோட்டக்காரர் பூட்டைக் கையில் எடுக்கிற நேரத்துக்குப் போய் நின்றாள்.

அவர் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். இரண்டான ஒன்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு பூட்டைத் திரும்ப ஆணியில் மாட்டினார். "குழி மூடியைத் திறந்திருக்கேன். கொட்டுங்க. மேல காஞ்ச சருகு போடணும், மறந்துடாதீங்க."

ஆறு கண்டக்டரும் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார்கள்.

வாசலில் எடைக்காரம்மா தராசின் மேலிருந்த தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கீழே வைத்தார். முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். எச்சில் மூட்டை ஏறியது. முள் ஓடி, ஆடி, நின்றது.

"நாலு கிலோ அறுநூறு."

மாமனார் தராசின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

எடைக்காரம்மா நோட்டைப் பிரித்தார். சிவப்பு எண் இருந்தது. அளவுகோலை எடுத்தவர் நிறுத்தினார். "உரிமம் உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. இந்தப் பக்கத்தை முடிக்க அவர் சம்மதம் வேணும். போன்ல சொன்னாப் போதும், எழுதிக்கறேன்."

மருமகள் போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கத் தொடங்கியதும் மாமனார் கையை நீட்டினார்.

"குடும்மா. நான் பேசறேன்."

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள்.

"என்ன, எல்லாம் முடிஞ்சுதா?" என்றது மகன் குரல்.

"நான்தாண்டா."

அந்தப் பக்கம் கிடங்கின் இரைச்சல் கேட்டது. கதவைச் சாத்தின சத்தம் வந்தது. அப்புறம், "சொல்லுங்கப்பா."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"இன்னிக்கு நான் ஒரு குப்பை போட்டேன். நாப்பது கிலோ. உன் பெண்டாட்டிதான் அள்ளினா." மாமனார் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "நாலு பேர் முன்னால உன்னைக் கேட்டேன். நாலு பேர் முன்னாலதான் இதையும் சொல்றேன். தண்டம் தள்ளுபடி ஆகுது. உன் சம்மதம் வேணுமாம்."

"எவ்வளவுப்பா தள்ளுபடி?"

"முழுசும். பதினாலாயிரத்து முன்னூத்தி அம்பது."

"அது எப்படிப்பா? ஆறாயிரம் நான் போன மாசமே தங்கச்சிக்கு அனுப்பினேனே, ஆபீஸ்ல கட்டிடச் சொல்லி. எட்டாயிரத்து முன்னூத்தி அம்பதுதானே இருக்கணும்?"

எடைக்காரம்மா விரலை வைத்துப் பக்கம் முழுக்கத் தேடினார். "இங்கே ஒரு காசு வரலியே."

நாத்தனார் தட்டுக் கட்டின் பக்கத்தில் நின்றிருந்தாள். காய்ந்து போன தட்டு ஒன்றைக் கைத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை.

மருமகள் அந்தத் தட்டைப் பார்த்தாள். அடியில் ஒரு கீறல் இல்லை. நூற்று முப்பது தட்டிலும் இல்லை. கழித்து விட்டதாம். சும்மா கொடுத்தார்களாம். அந்த ஆறாயிரம்தான் இந்தப் புதுத் தட்டாகியிருக்கிறது. ஆறாயிரத்தைத் தண்டத்தில் கட்டியிருந்தால் எட்டாயிரத்துச் சொச்சம் பாக்கி நின்றிருக்கும், இன்று பந்திக்குத் தட்டு இருந்திருக்காது. அதுவும் அவளுக்குப் புரிந்தது. சொல்லாமல் செய்தது சுருக்கென்று தைக்கவும் செய்தது.

"கோடு போடுங்க மேடம்" என்றாள்.

"ஆறாயிரம் ஏதோ குழப்பமா இருக்கே?"

"அது வீட்டுக் கணக்கு, வீட்டுல தீத்துக்கறோம். உங்க நோட்டுல நாலு கிலோ அறுநூறு. நீங்க கோடு போடுங்க."

"எனக்குச் சம்மதம்" என்றது போன். "அப்பா, வெள்ளிக்கிழமை வரேன்."

எடைக்காரம்மா அளவுகோலை வைத்து, சிவப்பு எண்ணின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நீல மையில் ஒரே கோடாக இழுத்தார். பக்கத்தில் 'தள்ளுபடி' என்று எழுதி, ஊதிக் காய வைத்தார்.

மாமனார் அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. அணைந்துபோன போனைக் கையில் பிடித்தபடி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டி..."

மருமகள் அறுபது தட்டை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"மாமா, முதல்ல இதை வண்டியில ஏத்துங்க. பாத்து, கீறல் விழாம."